வேலை எங்கே தொடங்குகிறது? கேட்டிலா, வீட்டு வாசலிலா?

வல்லம் வடகால் சிப்காட்டில் ஷிப்ட் மாறும் நேரத்தில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குபவர்கள் ஒரு வகை. பைக்கில், ஷேர் ஆட்டோவில், நடந்து வருபவர்கள் இன்னொரு வகை. உள்ளே போனால் வேலை ஒன்றுதான். ஆனால் வரும் வழியில் அடிபட்டால், இந்த இரண்டு பேரையும் நம் சட்டம் பல வருடங்கள் வேறு வேறாகத்தான் பார்த்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு என்பது இந்தியாவில் 1923-ல் சட்டமானது. முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை, "வேலையின் காரணமாக, வேலையின் போது" காயம்பட்டிருந்தால் போதும். 1948-ன் ஈ.எஸ்.ஐ. சட்டமும் இதையே சொன்னது. ஆனால் "வேலையின் போது" என்றால் எப்போதிலிருந்து? வம்பு இங்கேதான் ஆரம்பித்தது.

குஜராத்தின் போர்பந்தர் பக்கம் உப்பளத் தொழிலாளர்கள் கழியைத் தாண்டும்போது படகு கவிழ்ந்து சிலர் இறந்தார்கள். அது எல்லோரும் போகும் பொதுப் படகு, வேலையிடம் அல்ல என்று 1958-ல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டை மறுத்துவிட்டது.

1966-ல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, கம்பெனி வண்டியில் வருபவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தார்கள். சொந்தமாக வருபவர்களுக்கு இல்லை.

1971-ல் கேரளாவில் ஒரு தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாலை 4.30-க்கு ஷிப்ட். 4.15-க்கு, தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில், லாரி மோதி காறை எலும்பு முறிந்தது. அந்த லாரியே அவருடைய கம்பெனி லாரி! உயர் நீதிமன்றம் வரை ஜெயித்தார். 25 வருடம் கழித்து, 1996-ல், உச்ச நீதிமன்றம் இது வேலைக் காயம் அல்ல என்றது.

இதை மாற்ற 2010 வரை ஆனது. அந்த வருடத் திருத்தம், வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்தை ஈ.எஸ்.ஐ.க்குள் கொண்டுவந்தது. ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்கள்? மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி 2003-ல் வேலைக்குப் போகும் வழியில் இறந்தார். அந்த வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 1923 சட்டத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இது இருக்கிறது.

ஒரு நிபந்தனை உண்டு. விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை மூன்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து சினிமாவுக்குப் போய்விட்டு வந்தால் சிக்கல்தான். அதனால் ஷிப்ட் நேரம், பஞ்ச் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸ் புகார் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஈ.எஸ்.ஐ.யில் வேலைக் காயத்துக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும்தான். குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். "ரோட்டில்தானே விழுந்தாய், கம்பெனிக்கு என்ன சம்பந்தம்?" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.