எருமைத் தொழுவமும் ஏட்டில் ஏறாத நோயும்

மலாய் மொழியில் 'கண்டாங்' என்றால் தொழுவம். 'கெர்பாவ்' என்றால் எருமை. சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியில் கால்நடை வணிகம் செழித்திருந்த நாளில் எழுந்த பெயர் அது. எருமைகள் மறைந்து நெடுங்காலமாகியும் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் அந்நினைவைச் சுமந்து நிற்கின்றன. மூங்கிலின் அடி என்னும் பொருளில் ஹொக்கியன் சீனர் வழங்கிய 'தெக் கா' என்ற சொல், தமிழர் நாவில் 'தேக்கா' ஆயிற்று. ஓரிடத்துக்கு மூவினத்தார் சூட்டிய இப்பெயர்களுக்கு நடுவேதான் சிங்கப்பூரின் ஆயிரமாயிரம் குழந்தைகள் முதல் அழுகையை அழுதன.

கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையின் தொடக்கத்தை வரலாற்றாசிரியர் 1858ஆம் ஆண்டுக்குக் கொண்டு செல்வர். பொது மருத்துவமனையாகப் பிறந்த அது, பல வடிவங்கள் எடுத்து, 1924ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் இலவசப் பேறுகால மருத்துவமனையாகக் கதவு திறந்தது. அன்று அதில் இருந்த படுக்கைகள் முப்பதே. பின்னாளில் சிங்கப்பூரின் இரண்டாம் அதிபராகத் திகழ்ந்த பேராசிரியர் பெஞ்சமின் ஷியர்ஸ் மகப்பேற்று மருத்துவராகப் புகழ் எய்தியதும் அங்கேதான். 1997ஆம் ஆண்டில் மருத்துவமனை புக்கிட் தீமா சாலையில் எழுந்த புதிய மனைக்குக் குடிபெயர்ந்தது. ஹேம்ஷியர் சாலையில் இருந்த பழைய இடம் இன்று தரைப் போக்குவரத்து ஆணையத்தின் பணிமனையாக விளங்குகிறது.

இம்மருத்துவமனையின் வரலாற்றில் அனைவரும் பெருமையுடன் குறிப்பிடும் எண் ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டில் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல்! ஓராண்டில் ஒரே பேறுகால மனையில் நிகழ்ந்த மிகுதியான பிறப்புகள் என்று கின்னஸ் நூல் அதனைப் பதிவு செய்தது. சிங்கப்பூர்க் குடும்பக் கட்டுப்பாட்டு, மக்கள்தொகை வாரியம் தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

அந்த எண்ணுக்குப் பின்னே எத்தனை தாய்மார்! எண்ணியவர்கள் பிறந்த குழந்தைகளை எண்ணினார்கள். பெற்றவளின் உடல் பின்னர் என்னவாயிற்று என்பதை எவரும் எண்ணவில்லை. பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பது நம் மக்கள் வழக்கு. அம்மறுபிறவியில் அவள் தன்னுடன் கொண்டுவரும் ஒரு குறைபாட்டைப் பற்றியோ நம் வழக்குகளில் மௌனமே நிலவுகிறது. அதுதான் சிறுநீர்க் கசிவு.

இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால், அரிசி மூட்டையைத் தூக்கினால் தன்னையறியாமல் சில துளிகள் சிந்துவது ஒரு வகை. திடீரென்று அடக்கவொண்ணா உந்துதல் தோன்றி, கழிவறையை எட்டுமுன்னே சிந்திவிடுவது மற்றொரு வகை. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. இடுப்பெலும்பின் அடியில் ஊஞ்சற்பலகை போல் பரந்து, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் தாங்கி நிற்கும் தசைத்தொகுதியை இடுப்புத்தளத் தசை என்பர். கருவைச் சுமக்கும் மாதங்களில் அது பாரம் தாங்குகிறது; பேற்றின்போது பெரிதும் விரிகிறது; சிலருக்கு அதன் நரம்புகளும் நலிகின்றன. மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்களும், நாட்பட்ட இருமலும், மலச்சிக்கலும், உடற்பருமனும் அந்நலிவை மிகுவிக்கின்றன. ஒழுக்கக் குறைவோ, தூய்மைக் குறைவோ, முன்வினைப் பயனோ இதற்குக் காரணமில்லை. தளர்ந்த தசையொன்றின் செயலே இது.

தளர்ந்த தசையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் என்ற எண்ணம் எவ்வாறு மலர்ந்தது? 1894ஆம் ஆண்டில் இலண்டனில் செவிலியர் நால்வர் பயிற்சி பெற்ற உடற்பிடிப்பாளர் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் ஒருவரான ரோசலிண்ட் பேஜெட் அம்மையார் மருத்துவச்சியர் நலனுக்கும் உழைத்தவர். இன்று இயன்மருத்துவம் என்று நாம் வழங்கும் துறையின் ஊற்றுகளுள் ஒன்று அச்சங்கம். பேறுகாலத் தொண்டும் இயன்மருத்துவமும் தொடக்கத்திலேயே உறவு பூண்டிருந்தன என்பது எண்ணி மகிழத்தக்கது. நடனக்கலைஞரான மார்கரெட் மோரிஸ் இயன்மருத்துவமும் கற்று, 1936இல் பேறுகாலப் பயிற்சிகளைப் பற்றி நூல் எழுதினார். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் இத்தசைகளுக்கான பயிற்சியை முறைப்படுத்தி வெளியிட்டதோடு, தசை சுருங்கும் ஆற்றலை அளந்து காட்டும் கருவி ஒன்றையும் அமைத்தார். அவர் பெயராலேயே அப்பயிற்சி உலகெங்கும் வழங்கலாயிற்று.

எனினும், புகழ் வேறு, சான்று வேறு. 1999இல் நார்வே நாட்டு இயன்மருத்துவ அறிஞர் காரி போவும் அவர்தம் குழுவினரும், முயற்சியின்போது கசிவுறும் 107 பெண்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். மின்தூண்டல் முதலான முறைகளோடு ஒப்பிட்டபோது, முறையாகக் கற்பிக்கப்பட்ட தசைப் பயிற்சியே மேலான பயன் தந்தது. 2006இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நெறியும், கண்காணிப்போடு கூடிய மூன்று மாதப் பயிற்சியை முதல் மருத்துவமாக வகுத்தது.

'மூச்சை அடக்கி இறுக்குவதற்கு ஆசிரியர் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் பலர் பிழைபடுகின்றனர். உள்ளிழுத்து உயர்த்த வேண்டிய தசையை விடுத்து, வயிற்றையும் தொடையையும் இறுக்குவோர் உண்டு; முக்கிக் கீழே தள்ளிக் கேட்டை மிகுவிப்போரும் உண்டு. மூச்சை இயல்பாக விட்டபடி, காற்றை அடக்குவது போல் உள்ளிழுத்து, சில நொடிகள் நிறுத்தி, முற்றிலும் தளரவிடுவதே முறை. தளரவிடுவதும் பயிற்சியில் பாதி. சரியான தசை இயங்குகிறதா என்பதை இயன்மருத்துவர் தேர்ந்து, எத்தனை முறை, எத்தனை நொடி என்று ஒவ்வொருவருக்கும் வகுத்துத் தருவார். உந்துதல் வகையினர்க்குச் சிறுநீர் கழிக்கும் இடைவெளியைச் சிறுகச் சிறுக நீட்டும் பழக்கத்தையும் கற்பிப்பார். பயன் தெரிய வாரங்களும் மாதங்களும் ஆகும். பாட்டு கற்பவர் சுரம் பழகுவதைப் போன்ற பொறுமை வேண்டும்.

நம் மரபில் இதற்கு ஒன்றுமே இல்லையா? பேற்றுக்குப் பின் வயிற்றைத் துணியால் கட்டுவதும், பத்தியம் காப்பதும், ஓய்வு கொடுப்பதும் நம் பாட்டிமார் அறிந்தவை. மலாய்ப் பெண்டிரும் 'பெங்கோங்' என்னும் நீள்துணியால் வயிற்றைச் சுற்றுவர். அடிப்பகுதித் தசையை உள்ளிழுக்கும் மூலபந்தத்தை அட யோக நூல்கள் கூறுகின்றன. ஆனால் அதன் நோக்கம் மூச்சையும் மனத்தையும் அடக்குதல். ஈன்றவளின் நலிவைத் தீர்ப்பதன்று. ஆகவே 'எல்லாம் அன்றே அறிந்தோம்' எனப் பெருமை பேசுவது முறையன்று. பாட்டி தந்த ஓய்வின் அருமையைப் போற்றுவோம்; அவள் வாய்திறந்து சொல்லாத துன்பத்தையும் மறவாதிருப்போம்.

அத்துன்பம் சிறிதன்று. தேக்காச் சந்தைக்குப் போகத் தயங்கி, கோயிலில் நெடுநேரம் நிற்க அஞ்சி, திருமண வீட்டில் கழிவறைக்கு அருகிலேயே நாற்காலி தேடும் மூதாட்டியரை நாம் கண்டும் காணாதவராக இருக்கிறோம். 'முதுமை என்றால் அப்படித்தான்' என்னும் ஒரு வாக்கியம் அவர்களுடைய வாயை அடைத்துவிடுகிறது. வழியோ அருகிலேயே இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் கூறினால், வேறு நோய் உண்டா என ஆராய்ந்து, மருத்துவமனையின் சிறப்புப் பிரிவுக்கோ இயன்மருத்துவருக்கோ அனுப்பிவைப்பார். எருமைத் தொழுவத்தின் பெயர் தாங்கிய அம்மருத்துவமனையிலும் இதற்கான பிரிவு உண்டு. சிறுநீரில் குருதி கண்டாலோ, வலியும் காய்ச்சலும் சேர்ந்தாலோ காலம் தாழ்த்தலாகாது.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன பணி என்று வினவலாம். மருத்துவர்முன் அமர்ந்த தாய், தன் குறையைச் சொல்லச் சொல்லின்றித் தலைகுனிவதை எண்ணுங்கள். 'அந்த இடத்தில்', 'அது வந்து' என்று அவள் தடுமாறுவது அறிவின்மையால் அன்று. கூசாமல் வழங்கத்தக்க சொல்லை நாம் அவளுக்குக் கொடுக்கவில்லை. சிறுநீர்க் கசிவு, இடுப்புத்தளத் தசை, இயன்மருத்துவம் ஆகிய சொற்கள் தூயன, எளியன, எவர் முன்னும் சொல்லத்தக்கன. அவற்றை வகுப்பில் கேட்ட மகள் வீட்டில் சொன்னால், 39,835 என்னும் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தாயேனும் மருத்துவர்முன் நிமிர்ந்து அமர்ந்து பேசுவாள்.