மரத்தில் பதிந்த பெயர்: விசாகப்பட்டினத்துத் தந்தப் பதிப்பு அறைகலன்கள்

பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வணிகத் தளமாக விளங்கிய விசாகப்பட்டினம், தந்தப் பதிப்பு வேலைக்குப் புகழ்பெற்றிருந்தது. 1756இல் அங்குச் சென்ற மேஜர் ஜான் கார்னீல் அவ்வேலையின் செம்மையை வியந்து எழுதியுள்ளார். தமிழகக் கம்மாளரை ஒத்த கம்சாலி வகுப்பினரே இக்கைவினைஞர்கள். ஈட்டி, கருங்காலி ஆகிய மரங்களில் பள்ளம் அகழ்ந்து, அளவாக அறுத்த தந்தத் துண்டுகளைப் பதித்தனர். பின்னர்த் தந்தத்தின் மீது நுண்கோடுகள் கீறி அவற்றில் கறுப்பு அரக்கை நிரப்பினர். அறைகலனின் வடிவம் ஐரோப்பியருடையது; ஓரங்களிற் படரும் பூங்கொடியோ பெரிதும் இம்மண்ணுக்குரியது.

பணித்தவர் தம் குலச் சின்னத்தையும் பெயரெழுத்துகளையும் பதிக்கச் செய்வதுண்டு. சென்னை ஆளுநராக இருந்த (1773–1775) அலெக்சாண்டர் விஞ்சின் தந்த நாற்காலிகளை 1781இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கினார். இன்றும் அவை அவ்விருவர் பெயராலேயே அறியப்படுகின்றன. செய்தவர் பெயர் கிட்டவில்லை.

எனினும், உடையவரின் சின்னம் உரிமையை மட்டுமே உணர்த்தும். கீறலின் ஆழமும் கொடியின் வளைவும் செய்தவரின் கையெழுத்தாகும். பெயரற்ற அக்கைகளின் வரலாற்றைப் பொருளிலிருந்தே படிக்கக் கற்பது நம் ஆய்வுக் கடமையாகும்.