மறுநாள் வரை தூக்கம்

போன எபிசோடில் இதய-நுரையீரல் இயந்திரம் பற்றிப் பேசினோம். "சரி, அந்த நேரத்தில் ஆளைத் தூங்க வைக்கிறது எது?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. நல்ல கேள்வி. இயந்திரம் ஓடும்போது நுரையீரல் சும்மா இருக்கும்; மூச்சு வழியா மயக்க வாயு கொடுக்க முடியாது. அதனால் நரம்பில் ஏற்றும் மருந்துகளுக்கு இங்கே தனி மதிப்பு. (நாம நரம்புன்னு சொல்றது சிரையைத்தான்.)

1969-லிருந்து ஆரம்பிக்கிறேன். அமெரிக்காவின் பாஸ்டனில் எட்வர்ட் லோவன்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. வால்வு ஆபரேஷன் முடிந்து வென்டிலேட்டரில் இருக்கிறவங்களுக்கு நிறைய மார்ஃபின் கொடுத்தும் ரத்த ஓட்டம் தடுமாறவில்லை. அப்படியானால் ஆபரேஷனுக்கே இதைக் கொடுத்தால் என்ன? கொடுத்தார்கள், கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை. 1978-ல் ஸ்டான்லி என்பவர் அதே வழியில் ஃபென்டனிலைக் கொண்டுவந்தார். பலவீனமான இதயம் தாங்கியது. ஆனால் மூச்சு திரும்ப மணிக்கணக்காகும்.

என் பெரியப்பாவுக்கு பைபாஸ் நடந்தப்ப மறுநாள் மதியம் வரை கண் திறக்கவில்லை. பெரியம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தாங்க. "இது மருந்தோட வேலைதான்"னு ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லலை.

இதற்கிடையில் இங்கிலாந்தில், ஐசிஐ கம்பெனியில் ஜான் க்ளென் என்கிற கால்நடை மருத்துவர் வேறொரு மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அதுதான் புரொபஃபால். 1977-ல் மனிதர்களிடம் சோதித்தார்கள். அதைக் கரைக்கப் பயன்படுத்திய க்ரெமஃபோர் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொடுத்ததால் திரும்ப எடுத்துட்டாங்க. பிறகு சோயா எண்ணெய், முட்டை லெசித்தின் சேர்த்துப் பால் மாதிரி ஆக்கி, 1986-ல் விற்பனைக்கு வந்தது. நிறுத்தினால் சீக்கிரம் விழிப்பு வரும். குறை என்ன? ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் இறங்கும்.

பிரஷரைத் தொடாத மருந்து எடோமிடேட், ஜான்சென் ஆய்வகத்துடையது. பலவீனமான இதயத்துக்கு இதுவே சரின்னு தோணும். ஆனால் 1983-ல் கிளாஸ்கோ டாக்டர்கள் லான்செட்டில் ஓர் எச்சரிக்கை எழுதினாங்க: விபத்தில் அடிபட்டு ஐசியூவில் இருந்தவர்களுக்கு இதைத் தொடர்ந்து ஏற்றியபோது இறப்பு கூடியிருந்தது. அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் செய்வதை அது தடுக்கிறதுன்னு பின்னாடி தெரிஞ்சது. அதிலிருந்து தொடர்ந்து ஏற்றுவதை விட்டுட்டாங்க. தூங்க வைக்க ஒரே ஊசியாகப் போடுறது இன்னிக்கும் உண்டு. அந்த ஒரு ஊசிக்கே சுரப்பி சில மணி நேரம் மந்தமாகும் என்பதால் விவாதமும் தீரவில்லை.

1996-ல் இரண்டு விஷயம் நடந்தது. பிரான்சில் கார்பான்டியே, விலா இடுக்கில் சின்ன வெட்டுப் போட்டு, வீடியோ உதவியோடு மிட்ரல் வால்வைச் சரிசெய்தார். அதே ஆண்டு அமெரிக்காவில் ரெமிஃபென்டனிலுக்கு அனுமதி கிடைத்தது. ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள என்சைம்களே அதைச் சிதைத்துவிடும். எவ்வளவு நேரம் ஏற்றினாலும் சில நிமிடங்களில் போய்விடும்.

சின்ன வெட்டுக்குப் பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கணும். அப்போது அந்தப் பக்கத்து ரத்தக்குழாய்கள் தாங்களே சுருங்கி, ரத்தத்தை மறுபக்கம் திருப்பிவிடும். மயக்க வாயு அதிக அளவில் இதைக் கெடுக்கும். புரொபஃபால் பெரிதாகக் கெடுக்காது. அதனால் புரொபஃபாலும் ரெமிஃபென்டனிலும் நல்ல ஜோடி ஆயின. அன்றைக்கே மூச்சுக்குழாயை எடுக்க வழி பிறந்தது.

ஒரு சிக்கல் உண்டு. ரெமிஃபென்டனில் போன வேகத்தில் வலி வந்து நிற்கும். விலா இடுக்கு வலி சாதாரணமில்லை. நிறுத்துவதற்கு முன்னாலேயே வேறு வலி மருந்தோ, மார்பு நரம்புகளை மரக்கச் செய்யும் ஊசியோ போட்டு வைக்கணும். இந்த நரம்பு, நிஜமான நரம்பு. அடுத்த எபிசோடு அதைப் பற்றித்தான்.