குதிரைக்குக் கத்தரி வைப்பதா, வேண்டாமா?



இந்த முறை பதிவு கொஞ்சம் நீளம். காபியை ஆற்றி வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் பழைய மாணவர் ஒருவர் ராஜஸ்தானிலிருந்து ஒரு மார்வாரிக் குதிரை வாங்கி வந்திருக்கிறார். கார்த்திகையில் வந்து இறங்கியது. உடம்பெல்லாம் கரடி மாதிரி அடர்ந்த ரோமம். திண்டுக்கல் வெயிலில் அரை மணி நேரம் நடத்தினாலே வியர்த்து நனைந்துவிடுகிறதாம். "சார், மெஷின் வைத்து மொத்தமாக வெட்டிவிடலாம் என்கிறார்கள். வெட்டினால் செத்துப்போகும் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். நீங்கள் வரலாறு படித்தவர், சொல்லுங்கள்" என்று கேட்டார்.

குதிரை வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் எழுநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் அறிவியல். குளிர் அடிப்பதால்தான் குதிரைக்கு ரோமம் வளர்கிறது என்று பலரும் நினைக்கிறோம். குளிருக்கும், தீனிக்கும், இனத்துக்கும், வயதுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் தொடங்கி வைப்பது வெளிச்சம். பகல் பொழுது குறையக் குறைய, குதிரையின் உடம்பு "குளிர்காலம் வருகிறது" என்று கணக்குப் போட்டு ரோமத்தை வளர்க்கும். தை, மாசியில் பகல் நீளத் தொடங்கியதும் அது உதிரத் தொடங்கும்.

நம் திண்டுக்கல் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 1 மணி 10 நிமிடம்தான். ராஜஸ்தானில் அது 3 மணி நேரத்துக்கும் மேல். லண்டனில் மார்கழிப் பகல் 8 மணி நேரம் கூட இல்லை. ஆனியில் 16 மணி நேரத்தைத் தாண்டும். அதனால்தான் நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஜட்காக் குதிரைக்கு ரோமம் வெட்டும் கேள்வியே எழவில்லை. வெளியூர்க் குதிரை வரும்போதுதான் எழுகிறது. வந்த குதிரை தன் ஊர் நாட்காட்டியை உடம்பில் சுமந்துகொண்டு வருகிறது.

இனி வரலாறு. வெளியூர்க் குதிரை நமக்குப் புதிதல்ல. கடல் வழியே வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே பேசுகிறது. மாணிக்கவாசகர் கதை உங்களுக்குத் தெரியும். பாண்டிய மன்னன் அவரிடம் பொன் கொடுத்து அனுப்பியது எதற்கு? குதிரை வாங்கத்தான். நரி பரியான திருவிளையாடல் மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடக்கிறது. ஒரு அரசின் கருவூலத்தில் குதிரைக்கு எவ்வளவு பெரிய பங்கு இருந்தது என்பதை அந்தக் கதையிலிருந்தே ஊகிக்கலாம்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவை எட்டாம் வகுப்பில் ஒரு வரியில் கடந்து போயிருப்பீர்கள். அவர் சொல்வது இது: ஹோர்முஸ், ஏடன் போன்ற துறைமுகங்களிலிருந்து வணிகர்கள் குதிரை கொண்டு வருகிறார்கள். ஒரு அரசர் மட்டும் ஆண்டுக்கு 2,000க்கும் மேல் வாங்குகிறார். ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் அவை சாகின்றன. சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் கொடுக்கிறார்கள். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. லாடம் அடித்துக் குதிரை பார்க்கத் தெரிந்தவர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் அழைத்து வருவதே இல்லையாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டு வியாபாரம்!

அதே காலத்தை ஒட்டி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் காயல் முதலிய துறைமுகங்களுக்கு வந்ததாகவும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும், வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கும் ஏற்பாடு இருந்ததாகவும் எழுதுகிறார். வறுத்த பார்லியும் வெண்ணெயும் கொடுத்து, நாற்பது நாள் முளைக்குச்சியில் கட்டி வைத்துக் கொழுக்க வைத்து, பிறகு பழக்காமலே ஏறி ஓட்டினார்களாம். எண்ணிக்கைகளில் பயணிகளுக்கே உரிய மிகை இருக்கலாம். ஆனால் ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒன்றையே சொல்கிறார்கள்: குதிரையை வாங்கப் பணம் இருந்தது, வைத்துக்கொள்ளும் அறிவு அதோடு கூட வரவில்லை.

இது தமிழனைக் குறை சொல்வதற்காக அல்ல. குதிரை சாஸ்திரம் நம் நாட்டில் பழையது. சாலிஹோத்ரர் பெயரால் ஒரு மருத்துவ மரபே உண்டு. பிற்காலக் குதிரைப்படைகளில் நாட்டுக் குதிரை வைத்தியரைச் சலோத்ரி என்று அழைத்தது அந்தப் பெயரிலிருந்துதான். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரம் ஓவியங்களோடு இருக்கிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது சுழி. எந்தச் சுழி ராசி, எந்தச் சுழி ஆகாது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். சுழியைப் பார்க்கிற கண், அந்தச் சுழி இருக்கிற ரோமத்தையும் அதன் அடியில் இருக்கிற தோலையும் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

நம் ஊரும் குதிரைக் குளம்படி கேட்ட ஊர்தான். 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். 1792 ஒப்பந்தத்தில் திண்டுக்கல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆங்கிலேயப் படைக்குக் குதிரை எங்கிருந்து வந்தது தெரியுமா? 19ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து. நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால் இந்தியாவில் அவற்றுக்கு "வேலர்" என்றே பெயர் வைத்தார்கள். சென்னைத் துறைமுகத்திலும் அவை இறங்கின. ஓசூர் அருகே மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணை இருக்கும் இடம், ஒரு காலத்தில் படைக்குதிரைகளைப் பழக்கும் இடமாக இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. ஆஸ்திரேலியாவில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம். அப்போது கப்பல் ஏறிய குதிரை, முழுக் குளிர்கால ரோமத்தோடு சென்னை வெயிலில் வந்து இறங்கும். குதிரையின் உடம்புக் கணக்கில் அது மார்கழி. கரையில் இருப்பவருக்கோ ஆடி. இந்த இடைவெளி சரியாகும் வரை குதிரைக்கு நிழலும், தண்ணீரும், ஓய்வும் வேண்டும்.

சரி, கத்தரிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? ஸ்பெயினில் கோவேறு கழுதைகளுக்கு ரோமம் வெட்டுவது பழைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நெப்போலியன் படையோடு போரிட்டுத் திரும்பிய ஆங்கில அதிகாரிகள் வழியாக அது இங்கிலாந்தில் பரவியதாகச் சொல்வார்கள். காரணம் நியாயமானதுதான். குதிரைக்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்கும். நீண்ட ரோமத்தோடு ஓடினால் ரோமம் நனைந்து, வேலை முடிந்த பிறகும் மணிக்கணக்கில் காயாது. ஈர ரோமத்தில் காற்று தங்காது. காற்று தங்காவிட்டால் சூடும் தங்காது. குளிர் இரவில் அது நடுங்கி நிற்கும். வெட்டினால் சீக்கிரம் காயும், தேய்த்துச் சுத்தம் செய்வதும் சுலபம், சொறி இருந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வெட்டியவன் போர்வை கொடுத்தாக வேண்டும், கூரை கொடுத்தாக வேண்டும். இந்த இரண்டாம் பாதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

முதல் உலகப் போர், பிரான்ஸ் போர்முனை, 1916-17 குளிர்காலம். நம் இந்தியக் குதிரைப்படைகளும் அந்தக் குளிர்காலங்களை அங்கேதான் கழித்தன. சேற்றில் நின்ற குதிரைகளிடையே சொறி நோய் பரவியது. அதை அடக்க ரோமத்தை வெட்டச் சொன்னார்கள். சொறிக்கு அது சரியான வைத்தியம்தான். ஆனால் அந்த ஆண்டுக் குளிர் மிகக் கடுமை. 1917 ஏப்ரலில் அராஸ் போர் தொடங்கிய நாளில்கூடப் பனி கொட்டியது. குதிரைகள் நின்றது திறந்த வெளியில், குறைந்த தீனியில், கனமான வேலையில். ரோமம் இழந்த குதிரைகள் குளிரிலும் சோர்விலும் விழுந்து செத்தன. அதன் பிறகுதான் எப்போது வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம் என்று யோசித்தார்கள். முதுகு ரோமத்தை விட்டுவிட்டு வயிறும் காலும் மட்டும் வெட்டும் முறைக்கு வந்தார்கள். அந்தப் போர் முழுவதிலும் பிரிட்டிஷ் படை 4,80,000க்கும் மேற்பட்ட குதிரை, கோவேறு கழுதைகளை இழந்தது. அவற்றில் பெரும்பாலானவை குண்டு பட்டுச் சாகவில்லை. நோயாலும் களைப்பாலும் செத்தன.

பாண்டிய நாட்டில் பார்க்கத் தெரிந்த ஆளே இல்லை. பிரான்ஸில் படித்த கால்நடை மருத்துவர்கள் ஏராளம். இருந்தும் இரண்டு இடத்திலும் குதிரை செத்தது. ஏன்? முடிவை எடுத்தவர் கை குதிரையின் முதுகில் இல்லை. வியாபாரி தன் லாபத்தைப் பார்த்தார். தலைமையகம் நோயை மட்டும் பார்த்தது. இந்தக் குதிரை இன்று இரவு எங்கே நிற்கும் என்று கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்கவில்லை.

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம், ஏனென்றால் நமக்கு இரண்டு தட்பவெப்பம். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1875இல் ரயில் அம்மையநாயக்கனூர் வந்தது. அதுதான் இன்றைய கொடை ரோடு. அங்கிருந்து மாட்டு வண்டியில் அடிவாரம், பிறகு மட்டக் குதிரையிலோ டோலியிலோ மலைப்பாதை. முதல் உலகப் போர்க் காலத்தில் மலைச்சாலை வரும்வரை இதுதான் பயணம். சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து 2,100 மீட்டருக்கு ஒரே நாளில் ஏறினால் வெப்பம் 10 டிகிரிக்கும் மேல் குறையும். வியர்த்து ஏறிய மட்டக் குதிரை மேலே போய் நிற்கும் இடத்தில் மார்கழி உறைபனி. இன்றைக்கும் கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் பார்த்து, "ஐயோ, முடி வெட்டாமல் விட்டிருக்கிறார்களே" என்று பரிதாபப்படாதீர்கள். இரவில் வெளியே நிற்கும் குதிரைக்கு அதுதான் கம்பளி. அதே குதிரை திண்டுக்கல் சமவெளியில் நாளெல்லாம் உழைத்தால் அதே ரோமம் சுமை.

ஆக, நம் மாணவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்.

ஒன்று, முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சித்திரை, வைகாசியிலும் ரோமம் உதிராமல் நீண்டிருந்தால், குறிப்பாக வயதான குதிரைக்கு, அது சுரப்பி நோயின் அறிகுறியாக இருக்கலாம். முரட்டு ரோமம் குடற்புழுவாலும் தீனிக் குறைவாலும் வரும். அங்கே கத்தரி வைப்பது நோய்க்குத் திரை போடுவது. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது; மார்க்கோ போலோ சொன்ன "ஆள் இல்லை" என்ற சாக்கு இன்று நமக்கு இல்லை.

இரண்டு, வேலையைக் குறைத்துப் பாருங்கள். விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் நடத்துங்கள். நிழலும் தண்ணீரும் தாராளமாக இருக்கட்டும். தை பிறந்த பிறகு ரோமம் தானாக உதிரத் தொடங்கும். அப்போது தினமும் நன்றாகத் தேய்த்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மூன்று, அப்படியும் வியர்த்து நனைந்து ஒரு மணி நேரமாகியும் காயவில்லை என்றால், கழுத்தடி, மார்பு, வயிறு ஆகிய இடங்களில் மட்டும் வெட்டுங்கள். முதுகிலும் காலிலும் விட்டுவிடுங்கள். வெட்டிய குதிரையைப் பனி இரவில் கூரைக்கு அடியில், போர்வையோடு கட்டுங்கள். தை கடந்த பிறகு வெட்ட வேண்டாம். அப்போது கோடை ரோமம் முளைக்கத் தொடங்கியிருக்கும்.

அடுத்த ஆண்டு முதல் அந்தக் குதிரை நம் ஊர்ப் பகலைப் பார்த்து வளரும். ரோமமும் குறைந்துகொண்டே வரும் என்று எதிர்பார்க்கலாம்.

விலை கொடுத்து வாங்கிவிட்டதால் ஒரு உயிரைப் பற்றி எல்லாம் நமக்குத் தெரிந்துவிடாது. எந்த ஊரில் பிறந்தது, எந்த வெளிச்சத்தில் வளர்ந்தது, இன்று இரவு எங்கே நிற்கப் போகிறது என்று கேட்டுவிட்டுக் கத்தரியை எடுங்கள். குழந்தை வளர்க்கும் என் மாணவர்களுக்கும், புதிதாக ஆசிரியர் பணிக்குப் போயிருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுத் தாத்தாக்கள் யாராவது திண்டுக்கல்லிலோ பழனியிலோ ஜட்கா ஓட்டியிருந்தால், குதிரையை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். இந்த அறிவெல்லாம் புத்தகத்தில் இல்லை, அவர்களோடு போய்விடும்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் ஆசிரியர்