முத்துச் சலாபமும் கடற்காற்றும்

மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அரசிறையையும் குத்தகையையுமே நோக்கியுள்ளனர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என ஆட்சி மாறியபோது முத்து வருமானம் யார் கைக்குச் சென்றது என்பது பலராலும் ஆராயப்பட்டதொன்றாகும். ஆயின், பல்லாயிரவர் கூடிய அத்தொழிலின் பருவத்தையும் பொழுதையும் வரையறுத்தது எது என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. அதனை வரையறுத்தது அரசாணையன்று. தரைக்கும் கடலுக்கும் இடையே நாள்தோறும் தோன்றும் வெப்ப வேறுபாடே என்பது நமது கருத்து.

ஞாயிற்றின் வெப்பத்தாற் தரை விரைவிற் சூடேறும். கடல் மெதுவாகவே சூடேறும். தரைமீதுள்ள வளி சூடாகி மேலெழ, அங்கு அமுக்கம் குறைகின்றது; கடல்மீதுள்ள குளிர்ந்த வளி கரையை நோக்கி வீசுகின்றது. இதுவே கடற்காற்று. இரவிலே தரை விரைவிற் குளிர்வதால் நிலைமை மாறித் தரைக்காற்று கடலை நோக்கிச் செல்லும். கடற்காற்று எழுந்ததும் கரையோர வெப்பநிலையின் ஏற்றம் தடைப்படும். மார்ச்சு மாதத்திற் கொழும்பின் சராசரி உயர்வெப்பநிலை ஏறக்குறைய 31 அல்லது 32 பாகை செல்சியஸ். கடற்காற்றின் தணிப்பை அவ்வளவாகப் பெறாத குருநாகலில், அவ்வூர் கொழும்பினும் உயரத்தில் இருந்தும், அது 34 பாகையளவாகும்.

இனி, 1803இல் இலங்கை பற்றிய நூலை வெளியிட்ட ரொபேட் பேர்சிவல் கூறுவதை நோக்குவோம். இரவு பத்து மணியளவில் அரிப்பிற் பீரங்கி முழங்கத் தோணிகள் தரைக்காற்றிலே பாய்விரித்துப் புறப்படும். விடியுமுன் முத்துப்பாரை அடையும். ஞாயிறு எழக் குளிப்புத் தொடங்கும். நண்பகலளவிற் கடற்காற்று எழுந்ததும் தோணிகள் கரைக்குத் திரும்பும். முதன்மையான பார் கொண்டச்சிக்கு எதிரே இருபது மைல் அளவிற் கடலினுள் இருந்ததென்றும் அவர் எழுதுகின்றார். அவ்வளவு தூரத்தைப் பாரமேற்றிய தோணிகள் துடுப்பினால் நாள்தோறும் கடத்தல் இயலாது. பீரங்கியை அரசு முழக்கியது உண்மையே. ஆனாற் காற்று எழும் வேளையை அறிந்தே அது முழக்கப்பட்டது. அவ்வறிவு தூத்துக்குடி, கீழக்கரை, இராமேசுவரம், மன்னார்க் கரைகளின் கடலோடிகளுடையது.

சலாபம் பெரும்பாலும் பெப்ருவரி தொடக்கம் ஏப்பிரல் வரையிலான காலத்திலேயே நடந்தது. இதுவும் காற்றினாலானதே. வடகீழ்ப் பருவக்காற்று ஓயும் காலம் அது. தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்திலேயே வலுக்கும். பெருங்காற்றுகள் அடங்கிய அவ்விடைவெளியிற்றான் நாட்காற்றுகள் தடையின்றி மாறிமாறி வீசும். ஞாயிறும் ஏப்பிரலில் ஈழத்தின் உச்சிக்கு வருகின்றது. மன்னார்ப் பகுதி தீவின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று. மணலும் முட்புதரும் நிறைந்த அந்நிலம் பகலிற் கடுமையாகச் சூடேறுவதாற் கடற்காற்றும் உரம் பெறுகின்றது. குடியிருப்பவருக்குத் துன்பந்தரும் வெப்பமே தோணிகளைக் கரைசேர்த்தது.

கரையிலிருந்தோர்க்கு இக்காற்று முழு நன்மையாகவும் இருந்ததில்லை. வெம்மையைத் தணித்த அதே காற்று, முத்தெடுப்பதற்காகக் கரையிலே அழுகவிடப்பட்ட சிப்பிகளின் நாற்றத்தையும் பாளையத்துக்குள் கொண்டுவந்திருக்கும் என ஊகிக்கலாம். தேசாதிபதி பிறெடெறிக் நோர்த் அரிப்பிலே கட்டுவித்த மாளிகை கடலோரத்தில், காற்றை நேரே ஏற்கும் இடத்தில் அமைந்தது. ஆளுநர் அங்கு வாங்கியது தனிக் குளிர்ச்சியை மட்டுந்தானா என்பது ஐயத்துக்குரியது. இன்று அம்மாளிகையின் இடிபாடுகளைக் கடலே அரித்துக்கொண்டிருக்கின்றது.

எனினும் காற்றைக்கொண்டு எல்லாவற்றையும் விளக்க முற்படுதல் பொருந்தாது. 1837இன் பின்னர் 1855 வரையும், 1891இன் பின்னர் 1903 வரையும் சலாபம் நடைபெறவில்லை. அவ்வாண்டுகளிலும் கடற்காற்று வழமைபோலவே வீசியிருக்கும். பார்களிலே முதிர்ந்த சிப்பிதான் இருக்கவில்லை. அதன் காரணத்தை ஆராயவே பேராசிரியர் ஹேட்மன் 1902இல் இங்கு அழைக்கப்பட்டார். சலாபம் எந்த ஆண்டில் நடக்கும் என்பதைச் சிப்பி தீர்மானித்தது; எந்த மாதத்தில், எந்த வேளையில் என்பதையே காற்றுத் தீர்மானித்தது.