தோட்டா மாறினால் குறியும் மாறும்

ஜிம் கார்பெட்டைத் தமிழில் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை உண்டு. தி.ஜ.ர. மொழிபெயர்த்த 'குமாயுன் புலிகள்' நூலின் வழியாக இமயமலை அடிவாரக் காடுகளுக்குள் போய் வந்தவர்கள் அவர்கள். அந்நூலைப் பற்றிப் பேசும்போது புலியைப் பேசுவோம், காட்டைப் பேசுவோம், கார்பெட்டின் நெஞ்சுரத்தைப் பேசுவோம். அவர் கையில் இருந்த கருவியைப் பற்றி மட்டும் பெரும்பாலும் பேசுவதில்லை. வேட்டைத் துப்பாக்கியில் இடும் தோட்டாவை மாற்றினால் குறி ஏன் மாறிப்போகிறது என்னும் சிறு கேள்வியைப் பின்தொடர்ந்தால், காலனிய இந்தியாவின் வரலாற்றில் அதிகம் வெளிச்சம் படாத ஒரு மூலை தெரியவரும்.

இக்கேள்வியில் உயிர்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. 1907இல் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி, நேபாளத்தில் 200 பேரும் குமாயுனில் 236 பேருமாக 436 மனிதர்களைக் கொன்றது என்பது அவர் தரும் கணக்கு. இறந்த புலியின் வாயைப் பிரித்துப் பார்த்தபோது வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேற்பல் பாதியளவிலும் கீழ்ப்பல் எலும்பு வரையிலும் சிதைந்திருந்தன. அது பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற்போன விலங்கு மனிதரை நாடியது என்பதே கார்பெட்டின் முடிவு. யாரோ ஒருவரது குண்டு சேர வேண்டிய இடத்தைச் சேராமல் சில அங்குலம் விலகியது. அந்த விலகலுக்கான விலையைக் கொடுத்தவர்கள் புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டுக்குப் போன மலைக்கிராமத்து மக்கள்.

குறி விலகுவதற்குச் சுடுபவரின் கைநடுக்கம் ஒரு காரணம். அது எல்லோரும் அறிந்தது. தோட்டாவுக்கும் குழலுக்கும் உள்ள பொருத்தம் என்னும் மற்றொரு காரணம் அத்தனை வெளிப்படையானதன்று.

ஒரு துப்பாக்கியை 'ஜீரோ' செய்வது என்றால், குறிபார்க்கும் கோடும் குண்டு செல்லும் பாதையும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் சந்திக்கும்படி அமைப்பது. குண்டு நேர்கோட்டில் செல்வதில்லை. குழலை விட்ட கணத்திலிருந்தே நிலத்தை நோக்கி விழத் தொடங்குகிறது. எனவே வேகம் மாறினால் விழும் அளவும் மாறும். இது பள்ளி இயற்பியல். அதற்கு முன்பே, குழலுக்குள்ளேயே, வேறொன்று நிகழ்கிறது. மருந்து பற்றியதும் குழல் அதிர்கிறது. பின்னுதைப்பினால் துப்பாக்கியின் முனை மேலெழத் தொடங்குகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும் காலம் நொடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஆனாலும் அதற்குள் முனை சற்றே நகர்ந்துவிடுகிறது. மெதுவாகச் செல்லும் கனத்த குண்டு வெளியேறும்போது முனை ஓரிடத்திலும், விரைந்து செல்லும் இலேசான குண்டு வெளியேறும்போது வேறோரிடத்திலும் இருக்கும். இதனாற்றான் அருகிலுள்ள இலக்கில் மெதுவான குண்டு சில நேரம் விரைவான குண்டைவிட மேலே படுகிறது. சுடுபவர் ஒருவரே, துப்பாக்கி ஒன்றே. தோட்டாப் பெட்டி மட்டும் வேறு.

இந்த உண்மையை முழுமையாக உணர்ந்து அதன்மேல் ஒரு கைத்தொழிலையே கட்டியெழுப்பியவர்கள் இங்கிலாந்தின் இரட்டைக்குழல் துப்பாக்கிக் கைவினைஞர்கள். பக்கத்தில் பக்கமாக அமைந்த இரு குழல்களுள் வலக்குழல் சுடும்போது துப்பாக்கி மேலும் வலமுமாக நகரும். இடக்குழல் சுடும்போது மேலும் இடமுமாக நகரும். குழல்களை இணையாகப் பொருத்தினால் இரு குண்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். ஆகவே முனைப்பக்கம் சற்றே ஒன்றை நோக்கி ஒன்று சாயுமாறு அவற்றைப் பொருத்தினர். முனைகளுக்கு இடையே ஓர் ஆப்பைச் செருகி, சுட்டுப் பார்த்து, பற்றவைப்பைச் சூடாக்கி இளக்கி, ஆப்பை மயிரிழை நகர்த்தி, மறுபடியும் சுட்டுப் பார்ப்பார்கள். இரு குழல்களின் குண்டுகளும் ஒரே இடத்தில் சேரும் வரை இது தொடரும்.

ஆனால் அந்தச் சேர்க்கை ஒரே ஒரு தோட்டாவுக்கு மட்டுமே உரியது. இன்ன எடையுள்ள குண்டு, இத்தனை கிரெய்ன் மருந்து என்று குழலிலேயே பொறித்துவிடுவார்கள் (ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம்). அதைவிட வலுக்குறைந்த தோட்டாவை இட்டால் குண்டு குழலுக்குள் கூடுதல் நேரம் தங்கும். துப்பாக்கி கூடுதலாக நகரும். வலக்குழல் வலப்புறமும் இடக்குழல் இடப்புறமுமாகக் குண்டுகள் பிரிந்து போகும். வலு மிகுந்த தோட்டாவை இட்டால் குழல்கள் நகர்ந்து முடியுமுன்பே குண்டு வெளியேறி, பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக் குறுக்கே போகும். ஒற்றைக்குழல் துப்பாக்கியில் குறிமுள்ளைத் திருத்திக்கொள்ளலாம். இரட்டைக்குழலில் அதற்கு வழியில்லை; ஒரு குழலைச் சரிசெய்தால் மற்றது கெடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெருஞ்சிக்கல் ஒன்று எழுந்தது. 1889இல் ஏபெல், டூவர் என்னும் அறிவியலாளர் இருவர் கார்டைட் என்ற புகை குறைந்த வெடிமருந்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1898இல் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை வெளியிட்டது. 70 கிரெய்ன் கார்டைட் 480 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,150 அடி வேகத்தில் செலுத்தியது. கருமருந்துக் காலத்தில் எண்ணிப் பார்க்கவும் முடியாத வலு அது. ஆனால் கருமருந்துக்கெனப் பொருத்தப்பட்ட எண்ணற்ற துப்பாக்கிகள் இந்தியாவெங்கும் பலர் கைகளில் இருந்தன. அவற்றுக்காகத் தனிவகைத் தோட்டாக்கள் செய்யப்பட்டன: மருந்து கார்டைட்தான், அளவைக் குறைத்து, பழைய கருமருந்தின் வேகத்தையே தரும்படி அமைத்தார்கள். குழல் வெடிக்காமல் காப்பது அதன் முதல் நோக்கம். குழல்களின் பழைய பொருத்தம் கெடாமல் காப்பது இரண்டாவது நோக்கம்.

அடுத்த சிக்கல் இந்திய வெயில். கார்டைட் வெப்பம் மிகுந்தால் வேகமாக எரியும். குழலுக்குள் அழுத்தம் ஏறும். இங்கிலாந்தின் குளிரில் சுட்டுச் சரிபார்த்த துப்பாக்கி மத்திய இந்தியாவின் மே மாத வெயிலில் வேறு துப்பாக்கியாகிவிடும். எனவே வெப்ப நாடுகளுக்கென மருந்தைக் குறைத்த தோட்டாக்களைத் தனியே விற்றனர். அதே தோட்டாவைக் குளிர்காலத்தில் மலைப்பகுதிக்கு எடுத்துச்சென்றால் வேகம் குறையும் என்பதையும் வேட்டைக்காரர் நினைவில் கொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவது சிக்கல் அரசியலால் விளைந்தது. மார்டினி-ஹென்றி என்னும் பழைய இராணுவத் துப்பாக்கிகள் கிளர்ச்சியாளர் கைகளில் இருந்தன. அதே விட்டமுள்ள வேட்டைக் குண்டுகள் அவர்களுக்குப் பயன்படலாம் என்று அரசு அஞ்சியது. 1907 அளவில் .450 அளவிலான தோட்டாக்கள் இந்தியாவுக்கு வருவது தடைப்பட்டது. விளைவாக .470, .475, .500/465 எனப் புதிய அளவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன. வலுவில் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஒருவர் தோட்டா மற்றவர் துப்பாக்கிக்குப் பொருந்தாது. பேரரசின் அச்சம் வேட்டைக்காரரின் தோட்டாப் பைக்குள்ளும் புகுந்தது.

கார்பெட்டுக்கு மீண்டும் வருவோம். சம்பாவத்துக்குக் கையில் மூன்றே தோட்டாக்களுடன் சென்றிருந்தார், மூன்றும் தீர்ந்துவிட்டன. காயம்பட்ட புலி எதிரில் நிற்க, தாசில்தாரின் பழைய துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு ஓடினார். ஏறத்தாழ 20 அடி தூரத்தில் புலியின் திறந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு அதன் வலது முன்பாதத்தில் பட்டது. குழலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே இடைவெளி விழுந்த துப்பாக்கி அது. புலி ஏற்கெனவே உயிர்விடும் நிலையில் இருந்ததால் கார்பெட் தப்பினார். இந்தியாவின் தலைசிறந்த வேட்டைக்காரர்களுள் ஒருவரின் கண்ணும் கையும் தமக்குப் பழகாத கருவியின்முன் 20 அடியில் தோற்றன.

இந்நிகழ்ச்சிக்குப் பரிசாக ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் அளித்ததே புகழ்பெற்ற .275 ரிக்பி. ஜெர்மானிய மௌசர் நிறுவனத்தின் 7 மி.மீ. தோட்டாவுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் .275. அத்தோட்டாவிலும் இருவகை உண்டு: நொடிக்கு ஏறத்தாழ 2,300 அடி வேகத்தில் செல்லும் 173 கிரெய்ன் மழுங்குமுனைக் குண்டு ஒன்று, 2,750 அடி வேகத்தை ஒட்டிச் செல்லும் 140 கிரெய்ன் கூர்முனைக் குண்டு மற்றொன்று. காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும் 200 கஜத்தைக் கடப்பதற்குள் முதற்குண்டு 13 அங்குலமும் இரண்டாவது 9 அங்குலமும் விழும். காற்றையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் பெருகும். நான்கு அங்குலம் என்பது இதயத்துக்கும் வயிற்றுக்கும் இடையிலான வேறுபாடாகலாம். உடனே சாகும் விலங்குக்கும் ஆட்கொல்லியாகத் திரும்பி வரும் விலங்குக்கும் இடையிலான வேறுபாடும் ஆகலாம்.

இராணுவத்துக்கும் இதே பாடம் கிடைத்தது. .303 துப்பாக்கிக்கு 215 கிரெய்ன் மழுங்குமுனைக் குண்டை விட்டு 174 கிரெய்ன் கூர்முனைக் குண்டை 1910இல் ஏற்றபோது, குறிமுள்ளின் அளவுக்கோடுகளையே மாற்ற வேண்டியிருந்தது. அவ்வாறு மாற்றப்பட்ட துப்பாக்கிகளில் 'ஹெச்.வி.' என்னும் முத்திரை இடப்பட்டது.

1960களில் கைனாக் நிறுவனம் பழைய பெருந்தோட்டாக்களின் உற்பத்தியைக் கைவிட்டது. குழலில் பொறித்த எழுத்துகள் இருந்தன. அவை கேட்கும் தோட்டா இல்லை. இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் காலத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தது. இன்று வனத்துறையின் கால்நடை மருத்துவர் ஏந்துவது மயக்க ஊசித் துப்பாக்கி. அங்கும் பழைய விதியே செல்லும். ஊசியில் ஏற்றும் மருந்தின் அளவு கூடினால் எடை கூடும். எடை கூடினால் பாதை தாழும். அதற்கேற்ப அழுத்தத்தை மாற்றியமைக்காவிட்டால் ஊசி தொடையில் பாயாமல் வேறெங்கோ பாயும்.

வேட்டை நூல்கள் வீரத்தைப் போற்றிப் பழக்கியிருக்கின்றன. ஆனால் கார்பெட் போன்றோரின் பெருமையில் ஒரு பகுதி, தம் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அறிந்திருந்த நிதானத்துக்கு உரியது. குழலில் பொறிக்கப்பட்ட அந்தச் சிற்றெழுத்துகளைப் படிக்காமல் கையில் கிடைத்த தோட்டாவை இட்டுச் சுட்டவர்களின் பெயர்களை எந்த நூலும் பதிவு செய்யவில்லை. அவர்கள் காயப்படுத்தி விட்டுச்சென்ற விலங்குகளின் கதைகளைத்தான் நாம் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறோம்.