டன்சினனுக்குக் காடு திரும்புமா?

நூற்றாண்டு நிறைவையொட்டி, பாடசாலை வளவுக்குக் கீழே ஓடும் ஓடைக்கரையில் சுதேச மரங்களை நடலாம் என்ற யோசனை பழைய மாணவிகள் சங்கக் கூட்டத்தில் வந்தபோது, எங்களில் ஒருத்தி கேட்ட கேள்வி எல்லோரையும் சற்று நேரம் மௌனமாக்கியது.

"நம்மையே வந்தவர்கள் என்றார்கள். இப்போது வந்த மரம், பிறந்த மரம் என்று நாமும் பிரிக்கப் போகிறோமா?"

அது விளையாட்டுக் கேள்வியல்ல. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஒரே லயத்தில் வாழ்ந்த உறவுகளைக் கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலுமாகப் பிரித்தது. இம்மலரை நீலகிரியில் இருந்து வாசிக்கும் சகோதரிகளுக்கு அதை நாம் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த மலையின் மரங்கள் வந்த கதையைத் திரும்பிப் பார்த்தே பதில் தேட விரும்புகிறோம்.

படிக்கும் காலத்தில், பூண்டுலோயா என்றால் என்றைக்கும் தேயிலை மலைதான் என்று நினைத்திருந்தோம். 1830களுக்குப் பின் கோப்பிக்காக மலைநாட்டுக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. சிங்களக் கிராமத்தவரின் கைகளும், மன்னார் வழியே நடந்து வந்த நம் முன்னோரின் கைகளும் அவ்வேலையில் இருந்தன. 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சரிந்தது. இடையில் சிங்கோனா வந்தது. 1861இல் ஹக்கல பூங்கா தொடங்கப்பட்டதே அதை வளர்க்கத்தான். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, பின்னர் மலைகளையெல்லாம் மூடியது. அதற்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து கிரெவில்லியா என்னும் சவுக்கும், விறகுக்கு யூக்கலிப்டஸும் வந்தன. 5000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடக்கூடாது என்று தாவரவியலாளர் ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறினார். அதற்குள் கீழ்ச் சரிவுகளில் பெரும்பகுதி மொட்டையாகிவிட்டிருந்தது.

நம் ஊர் விஞ்ஞான வரலாற்றிலும் இடம்பெற்ற ஊர் என்பதைப் பாடசாலையை விட்டு வெகுகாலத்தின் பின்பே அறிந்தோம். பூண்டுலோயா ஈட்டன் தோட்டத்தில் துரையாக இருந்த ஏர்னஸ்ட் கிரீன், செடிகளை உறிஞ்சும் செதிற்பூச்சிகளை ஆராய்ந்து, 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக நூல் வெளியிட்டார். பல பூச்சியினங்களின் முதல் மாதிரி கிடைத்த இடம் என்று உலக நூல்களில் இன்றும் நம் ஊரின் பெயர் இருக்கிறது.

சரி, இங்கே பிறந்த மரங்கள் எவை? காட்டுச் செண்பகம், சிவந்து பூக்கும் மகா ரத்மல், ஓடையோர மரப்பன்னம், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்ந்து பூக்கும் நெலு. இவற்றில் ஓர் உண்மை எங்களை நிறுத்தியது. காட்டுச் செண்பகம் தென்னிந்திய மலைகளிலும் தானாகவே வளர்கிறது. மகா ரத்மலின் உடன்பிறப்பு நீலகிரியில் பூக்கிறது. நெலுவும் குறிஞ்சியும் ஒரே பேரினம். ஒரு மரம் அங்கும் சுதேசியாக, இங்கும் சுதேசியாக இருக்க முடிகிறது. மனிதருக்குத்தான் அதற்குப் பத்திரம் கேட்டார்கள்.

வந்ததெல்லாம் கெடுதியும் அல்ல. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் உயிர்களைக் காக்கக் கொடுத்த கொயினா, அந்தீஸ் மலையில் பிறந்த சிங்கோனாவின் பட்டைதான். மருத்துவத் தொழிலில் இருக்கும் நாங்கள் அதை மறக்க முடியாது. அதேபோல, பீலித் தண்ணீர் வற்றினாலும் கலங்கினாலும் முதலில் நோயுறுவது லயத்துக் குழந்தைகள் என்பதையும் மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. மரம் நட்டால் மட்டும் மண்சரிவு நின்றுவிடாது. ஆனால் ஓடைக்கரையையும் ஊற்றின் மேற்சரிவையும் வெறுமையாக விடுவது அறிவாகாது.

சிங்கராஜ வனத்தின் ஓரத்தில், வெளிநாட்டுப் பைனஸ் மரங்களின் நடுவே, 1990களின் தொடக்கத்திலிருந்து சுதேச மரக்கன்றுகள் நட்டு வளர்க்கப்பட்டன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க இருவரும் அப்பணியில் முன்னின்றவர்கள். அங்கே பைனஸை முழுதாக அழிக்கவில்லை. சில வரிசைகளை எடுத்து, மற்றவற்றின் நிழலில் கன்றுகளை வளர்த்தார்கள். வந்த மரம் பிறந்த மரத்துக்குச் செவிலித்தாய் ஆனது. தாயகம் திரும்பியோருக்கான தேயிலைத் தோட்டங்களும் உள்ள வால்பாறையில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் 2000களின் தொடக்கத்திலிருந்து காட்டு விதைகளைப் பொறுக்கி, நாற்றுமேடையில் வளர்த்து, தேயிலைக்கு நடுவே எஞ்சிய சோலைகளில் நட்டு வருகிறார்கள்.

தோழியின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். நாம் எந்தச் சவுக்கையும் வெட்டப் போவதில்லை. அதன் நிழலில் செண்பகக் கன்றை வைப்போம். கொழுந்து மலையில் வாழ்நாள் முழுதும் நடந்த நம் தாய்மார், எந்தச் செடி எந்த ஈரத்தில் நிற்கும் என்று அறிந்தவர்கள். அவர்களை முன்னே நிறுத்துவோம். ஊரில் இருப்போர் சிரமதானத்துக்கு வாருங்கள். தூரத்தில் இருப்போர் ஒரு கன்றின் மூன்றாண்டுப் பராமரிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். நடும் நாளில் படம் எடுப்பது எளிது. மூன்றாம் வருட வரட்சியில் தண்ணீர் ஊற்றுவதுதான் கடினம்.

நம் டன்சினன் தோட்டத்தின் பெயர் ஸ்கொட்லாந்து மலையொன்றின் பெயர். அம்மலைக்குக் காடு நடந்து வரும்வரை தனக்குத் தோல்வியில்லை என்று ஷேக்ஸ்பியரின் மெக்பெத் மன்னன் நம்பினான். வீரர்கள் மரக்கிளைகளை ஏந்திவர, காடே வந்தது போலாயிற்று. நம் டன்சினன் பக்கமும் காடு தானாக நடந்து வராது. ஆளுக்கொரு கன்றை ஏந்தி நாம்தான் நடக்க வேண்டும்.